அடி ஆறியும் வலி ஆறாதது ஏன்? நரம்பு வளர்ச்சிக் காரணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பதினெட்டு வருடமாகப் பிசியோதெரபி பார்த்து வருகிறேன். முழங்கால், இடுப்பு, தோள்பட்டை என்று வருகிறவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "பட்ட அடி ஆறி மாசக்கணக்காச்சு, வலி மட்டும் போக மாட்டேங்குது." அவர்களுக்குப் பதில் சொல்லும்போது நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற பொருளைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. அப்போது திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

நரம்பு வளர்ச்சிக் காரணி என்றால் என்ன?

நம் உடம்பே சுரக்கிற ஒரு புரதம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து என்ஜிஎஃப் என்பார்கள். கருவில் குழந்தை வளரும்போது வலியையும் சூட்டையும் உணரும் நரம்புகள் உயிர் பிழைப்பதே இந்தப் புரதத்தால்தான். தோலும் தசையும் இதைக் கொஞ்சமாகச் சுரக்கும். அது கிடைத்த நரம்பு நிலைக்கும், கிடைக்காத நரம்பு மடிந்துபோகும்.

பிறந்து வளர்ந்த பிறகு அதன் வேலை மாறிவிடுகிறது. அந்த நரம்புகள் பிழைத்திருக்க இந்தப் புரதம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அதற்குப் பதிலாக, நரம்பு எவ்வளவு சுருக்கென்று உணர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. நாள்பட்ட வலியில் அதற்கு உள்ள பங்கு முழுவதும் இந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது.

பெயரிலேயே 'வளர்ச்சி' இருக்கிறதே, நல்லதுதானே? அது எப்படி வலியைக் கொடுக்கும்?

நல்லதுதான், அளவோடு இருந்தால். காலில் முள் தைத்த இடம் இரண்டு நாள் தொட்டாலே வலிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த இடத்தை நீங்கள் ஊன்றக்கூடாது, ஆற விட வேண்டும். அதற்காக உடம்பு அங்கே இந்தப் புரதத்தைக் கூட்டிச் சுரந்து நரம்பைக் கூர்மையாக்குகிறது. காயம் ஆறியதும் சுரப்பு குறைந்து நரம்பு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். சிலருக்கு அது திரும்புவதில்லை. தேய்ந்த மூட்டில் சுரப்பு ஓயாமல் நடந்துகொண்டே இருப்பதும் உண்டு.

இதைக் கண்டுபிடித்தது யார்?

இந்தக் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

இத்தாலியில் தூரின் நகரத்தில் 1909இல் பிறந்தவர் ரீட்டா லெவி-மொண்டால்சினி. யூதர் என்பதால், 1938இல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்கள் அவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லாமல் செய்துவிட்டன. அவர் தன் படுக்கை அறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். கோழி முட்டைகளை அடைவைத்து, கருவில் நரம்பு எப்படி வளர்கிறது, எப்படி மடிகிறது என்று பார்த்தார். போர் முடிந்து, 1947இல் கருவியல் ஆய்வாளர் விக்டர் ஹாம்பர்கர் அழைத்ததன்பேரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். அங்கே எலியின் கட்டி ஒன்றைக் கோழிக் கருவோடு சேர்த்தால் நரம்புகள் அந்தக் கட்டிக்குள் காடு போல மண்டுவதைக் கண்டார். கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கசிகிறது என்று ஊகித்தார். 1952இல் கட்டி உள்ள எலிகளை எடுத்துக்கொண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ வரை போய், கண்ணாடித் தட்டில் வைத்து அதை உறுதி செய்தார். நரம்பு முடிச்சைச் சுற்றி இழைகள் ஒளிவட்டம் போலப் பரவியிருந்தன.

அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க வந்தவர் ஸ்டான்லி கோஹன். சாற்றில் கலந்திருந்த நியூக்ளிக் அமிலத்தை அழிக்க அவர் பாம்பு விஷத்தைச் சேர்த்தார். பார்த்தால் நரம்பு முன்னைவிட அதிகமாக வளர்ந்தது. விஷத்திலேயே அந்தப் புரதம் ஏராளமாக இருந்திருக்கிறது. விஷப்பை என்பது ஒரு வகை உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்று யோசித்து எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தார்கள். அதிலும் கொட்டிக் கிடந்தது. இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. அம்மையார் 103 வயது வரை வாழ்ந்து 2012இல் மறைந்தார்.

வலியோடு இதற்கு இருக்கும் உறவு பின்னால்தான் தெளிவாயிற்று. இதை மருந்தாக மனிதர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தபோது, போட்ட இடத்தில் மட்டுமல்லாமல் உடம்பெங்கும் தசை வலி கண்டது.

அடிபட்ட இடத்தில் அது என்னதான் செய்கிறது?

இதற்கு நம் அடுப்படியிலேயே விளக்கம் இருக்கிறது. வற்றல் மிளகாயைக் காம்பு கிள்ளி விதை உதிர்த்த கையோடு வெந்நீரில் கை வைத்துப் பாருங்கள். எப்போதும் இதமாக இருக்கும் அதே வெந்நீர் தீயாய் எரியும். வெந்நீரின் சூடு கூடவில்லை, நரம்புதான் மாறியிருக்கிறது.

சூட்டை உணரும் நரம்பு நுனியில் டிஆர்பிவி1 என்று ஒரு வாசல் உண்டு. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கும், நமக்கு எரியும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் போய்த் தட்டுவதும் அதே வாசலைத்தான். காரம் நமக்கு 'எரிச்சலாக'த் தெரிவது அதனால்தான். 1997இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்ன டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய் பட்ட கையில் வாசல் ஏற்கெனவே பாதி திறந்து கிடப்பதால் வெந்நீரே அதற்குப் போதும். (அந்த எரிச்சலுக்குத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. காரம் எண்ணெயில்தான் கரையும். நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லும் ஆச்சிமார் சொல்வதுதான் சரி.)

அடிபட்ட இடத்தில் நரம்பு வளர்ச்சிக் காரணி இதையேதான் மிளகாய் இல்லாமல் செய்கிறது. நரம்பு நுனியில் டிர்க்-ஏ என்ற பிடிப்பானில் போய் ஒட்டிக்கொள்கிறது. சில நிமிடங்களிலேயே அந்த வாசல்கள் சுலபமாகத் திறக்கத் தொடங்குகின்றன, புதிய வாசல்களும் நுனிக்கு வந்து சேர்கின்றன. பக்கத்தில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களையும் அது தூண்டிவிடுகிறது. அவை அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமினை மட்டுமல்லாமல் இன்னும் கொஞ்சம் நரம்பு வளர்ச்சிக் காரணியையும் கொட்டுகின்றன. ஒன்று இன்னொன்றை வளர்த்துவிடும் சுற்று இது.

ஆறிய பிறகும் ஏன் வலி நிற்கவில்லை?

அந்தப் புரதம் நுனியோடு நிற்பதில்லை என்பதுதான் காரணம். பிடிப்பானோடு சேர்த்து நரம்பு அதை உள்ளே இழுத்து, முதுகெலும்பு ஓரமாக இருக்கும் தன் தாய் செல்லுக்கு அனுப்புகிறது. மணிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில், முழங்காலிலிருந்து இடுப்பு வரை ஒரு பாதயாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் செல்லின் உற்பத்திப் பட்டியலே மாறுகிறது. வலிச் செய்தியைக் கடத்தும் சப்ஸ்டன்ஸ்-பி, சிஜிஆர்பி, மின் துடிப்பைக் கடத்தும் சோடிய வாசல்கள் எல்லாம் கூடுதலாகத் தயாராகின்றன. பிடிஎன்எஃப் என்ற பங்காளிப் புரதமும் உண்டாகித் தண்டுவடத்துக்குள் போய், அங்கே இருக்கும் அடுத்த நரம்பையும் கூர்மையாக்குகிறது.

அப்புறம், நரம்பு புதிதாகக் கிளை விடுகிறது. மூட்டின் குருத்தெலும்பில் இயல்பாக நரம்பே கிடையாது. தேய்ந்த மூட்டில், அடியிலிருக்கும் எலும்பிலிருந்து ரத்தக் குழாயோடு சேர்ந்து மெல்லிய நரம்பு இழைகள் குருத்தெலும்புக்குள் நுழைவதைக் கண்டிருக்கிறார்கள். முதுகெலும்பு டிஸ்க்கின் உட்பகுதியும் அப்படித்தான். நன்றாக இருக்கும் டிஸ்க்கின் நடுவில் நரம்பு இருக்காது, வலி தரும் தேய்ந்த டிஸ்க்கில் நரம்பு உள்ளே ஊடுருவியிருக்கும். இதற்குத் தூண்டுதலாக நரம்பு வளர்ச்சிக் காரணி அங்கேயே சுரக்கிறது.

வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, விட்டு விட்டு வந்தாலோ மருத்துவ உலகம் அதை நாள்பட்ட வலி என்கிறது. நான் சொன்ன மாற்றங்கள் எல்லாம் நடந்தேறுவதற்கு அந்த அவகாசம் போதும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் பெரிதாக இல்லை என்கிறார்கள். அப்படியானால் என் வலி மனப்பிரமையா?

இல்லை. இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார், அறுபத்தெட்டு வயது. வீட்டில் முகப்பிலிருந்து வளவுக்குப் போகும் உயரமான நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் காலை எடுத்து வைக்கிறேன் என்றார். "படத்துல ஒண்ணும் இல்ல, நீங்களா நெனச்சுக்கிறீங்க" என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் பஞ்சு சுற்றிய குச்சியால் அவர் முழங்காலின் உள்பக்கத்தை மெதுவாகத் தொட்டேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். தொட்டது வெறும் பஞ்சு. வலது முழங்காலில் அதே பஞ்சு அவருக்குத் தெரியக்கூட இல்லை.

நல்ல உடல்நிலையில் இருக்கும் தன்னார்வலர்களின் தோலில் மிகச் சிறிய அளவு நரம்பு வளர்ச்சிக் காரணியைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. முதல் சில நாட்களில் சூடு பட்டால் வலித்தது. அழுத்தினால் வலிப்பது வாரக்கணக்கில் நீடித்தது, மூன்றாவது வாரத்தில் உச்சத்தில் இருந்தது. இத்தனைக்கும் அந்த இடத்தில் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. நரம்பு நுனியில் எத்தனை வாசல் திறந்து கிடக்கிறது என்று அது காட்டாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வலி கூடியிருக்கிறது என்றால் மூட்டு அந்த அளவுக்குக் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த ஆச்சி அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் பயமில்லாமல் காலை ஊன்றினார்.

ரத்தப் பரிசோதனையில் இதன் அளவைப் பார்க்கலாமா?

ஆய்வுக்காகப் பார்க்கிறார்கள். சிகிச்சைக்கு உதவும்படியான பரிசோதனை கிடையாது. யாராவது எடுக்கச் சொன்னால் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

அந்தப் புரதத்தையே தடுத்துவிட்டால் வலி போய்விடாதா?

ஆய்வாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். டனேசுமாப் என்ற எதிர்ப்புரதத்தை உருவாக்கினார்கள். நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிடித்துக்கொண்டு, அதை நரம்பில் ஒட்டவிடாமல் செய்யும் ஊசி அது. எட்டு வாரத்துக்கு ஒரு தடவை தோலுக்கடியில் போட்டால் போதும். முழங்கால் தேய்மானத்தில் 2010இல் வெளியான முடிவுகளைப் பார்த்து வலி மருத்துவத்தில் இருந்த எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது. போதை மருந்து வகையும் இல்லை, வயிற்றைப் புண்ணாக்கும் மாத்திரையும் இல்லை.

அதே 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆய்வுகளை நிறுத்தி வைத்தது. சிலருக்கு மூட்டு சில மாதங்களிலேயே வேகமாகச் சிதைந்து, மாற்று மூட்டு வைக்க வேண்டிய நிலை வந்ததே காரணம். பிறகு அளவைக் குறைத்து, கூடவே வலி மாத்திரை சாப்பிடக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்து மறுபடி செய்து பார்த்தார்கள். டைக்ளோபினாக் வகை மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடியதுதான் அந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம். அப்படியும் பிரச்சினை முழுதாக நீங்கவில்லை. ஆய்வு தொடங்கும்போது நன்றாக இருந்த மூட்டுகளும் சிலருக்குக் கெட்டன. 2021 மார்ச்சில் அமெரிக்க ஆலோசனைக் குழுவில் 19 பேர் எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் வாக்களித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அதை உருவாக்கிய நிறுவனங்களே மருந்தைக் கைவிட்டன.

மூட்டு ஏன் சிதைந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வலி தெரியாததால் கெட்ட மூட்டில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருக்கலாம் என்கிறார்கள். எலும்பைப் பராமரிப்பதிலேயே இந்தப் புரதத்துக்குப் பங்கிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். எனக்கு முதல் விளக்கம் மனதில் தைக்கிறது. வலி ஊசி போட்டுக்கொண்ட மறுநாளே மாடிப்படி ஏறி இறங்கி, மூன்றாம் நாள் வீங்கிய முழங்காலோடு வருகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

நாய்க்கு இந்த ஊசி இருக்கிறதாமே?

ஆமாம். நாய்க்கு பெடின்வெட்மாப், பூனைக்கு ஃப்ரூனெவெட்மாப் என்று தனித்தனி எதிர்ப்புரதங்கள் சில நாடுகளில் அனுமதி பெற்றிருக்கின்றன. அவை அந்தந்த விலங்குக்கென்றே செய்யப்பட்டவை. மனிதர்களுக்கு ஆகாது.

பிறவியிலேயே வலி தெரியாதவர்கள் உண்டா?

மிக அரிதாக உண்டு. டிர்க்-ஏ பிடிப்பானுக்கான மரபணு பழுதானால், வலியை உணரும் நரம்புகள் கருவிலேயே மடிந்துவிடும். வியர்வையும் வராது. இது 1996இல் கண்டறியப்பட்டது. வட ஸ்வீடனில் ஒரு குடும்பத்தில் நரம்பு வளர்ச்சிக் காரணிக்கான மரபணுவே மாறியிருந்ததை 2004இல் கண்டுபிடித்தார்கள்.

கேட்பதற்குக் கொடுப்பினை போலத் தோன்றும். அந்தக் குழந்தைகள் பல் முளைத்ததும் தம் நாக்கையும் விரலையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். எலும்பு முறிந்தது தெரியாமல் நடக்கிறார்கள். சின்ன வயதிலேயே மூட்டுகள் உருக்குலைகின்றன. டனேசுமாப் கதையை இதோடு சேர்த்துப் படித்தால், வலியை முழுசாக அணைக்கச் சொல்லி வருகிறவரிடம் நான் ஏன் தயங்குகிறேன் என்பது விளங்கும்.

எனக்குச் சர்க்கரை. பாதம் மரத்துப்போகிறது. நரம்பு வளரும் புரதத்தைக் கொடுத்தால் சரியாகுமா?

அந்த எண்ணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2000இல் வெளியானது. பலன் இல்லை. ஊசி போட்ட இடத்தில் வலிதான் மிச்சம். ஆனால் கண்ணில் அது பயன்படுகிறது. கருவிழியின் நரம்பு செத்து, புண் ஆறாமல் இருக்கும் அரிய நோய்க்கு செனெகெர்மின் என்ற சொட்டு மருந்தாக 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

உங்கள் பாதத்துக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடும், தினம் ராத்திரி பாதத்தைப் புரட்டிப் பார்ப்பதும்தான் மருந்து.

கடையில் 'நரம்பு சத்து மாத்திரை' என்று தருகிறார்களே, அது இதுதானா?

இல்லை. அது பெரும்பாலும் பி12 முதலான பி வைட்டமின்கள். பி12 குறைவு உள்ளவருக்கு அவசியம் தேவை. குறைவு இல்லாதவரின் முழங்கால் வலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. 'நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கூட்டும்' என்று காளான் பொடி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். வலியோடு இருப்பவர் எதற்காக அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள்.

மிளகாய்க் களிம்பு தேய்க்கலாமா?

கேப்சைசின் கலந்த களிம்புக்குக் கை, முழங்கால் மூட்டு வலியில் பலன் உண்டு. திரும்பத் திரும்பத் தட்டினால் அந்த வாசல் அசந்துபோகும், நரம்பு நுனியும் சிறிது காலத்துக்குப் பின்வாங்கும். முதல் ஒரு வாரம் எரியும். பலரும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். தினம் மூன்று நான்கு தடவை, சில வாரங்கள் போட்டால்தான் தெரியும். போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். வீட்டு மிளகாயை அரைத்துப் பூசுவது வேண்டவே வேண்டாம். தோல் வெந்துவிடும்.

சரி, இப்போது நான் என்னதான் செய்வது?

முதலில், ராத்திரி தூங்கவிடாத வலி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கால் வலுவிழப்பது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

அவை இல்லையென்றால் மூட்டை அசைப்பதுதான் முதல் மருந்து. ஆத்தங்குடிக் கல் போடும் ஒருவர் தோள்பட்டை வலியோடு வந்தார். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணல் சிமெண்ட் கலவையை அமுக்குகிற வேலை. நாள் முழுக்க ஒரே கை. வலிக்குப் பயந்து மூன்று மாதம் கையை அசைக்காமல் வைத்திருந்ததால், தோள் இறுகி வலி கூடியிருந்தது. ஒரு கல் போடும் நேரம் மட்டும் செய்துவிட்டு நிறுத்தச் சொன்னேன். அடுத்த வாரம் மூன்று கல். செய்த மறுநாள் காலையில் வலி பழையபடி அடங்கியிருந்தால் அளவு சரி, கூடியிருந்தால் பாதியாகக் குறைக்க வேண்டும். நான்கு மாதத்தில் அரை நாள் வேலைக்குத் திரும்பினார். கூர்மையான நரம்பை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

முழங்கால் வலிக்காரர்கள் தொடைத் தசையை வலுவாக்குங்கள். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மேல் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. பற்றாததற்குக் கொழுப்புத் திசுவே நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது.

கடையில் தாமாக வாங்கி டைக்ளோபினாக்கை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். சிறுநீரகமும் வயிறும் கெடும். மருத்துவர் டுலாக்செடின் எழுதிக் கொடுத்தால், "இது மனச்சோர்வு மாத்திரையாச்சே, எனக்குப் பைத்தியம்னு நெனச்சுட்டாரா" என்று கோபப்பட வேண்டாம். தண்டுவடத்தில் வலியை அடக்கும் பாதையை அது பலப்படுத்துகிறது. முழங்கால், முதுகு வலிக்கும் அதைக் கொடுப்பது வழக்கம்தான்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா?

மார்கழி பிறந்தால் இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆடியிலிருந்தே ஆரம்பியுங்கள் என்பேன். முதல் வாரம் ஊருணியைச் சுற்றி ஒரு நடை. வலி மறுநாளைக்குத் தங்கவில்லை என்றால், வாரத்துக்குக் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுங்கள். கார்த்திகைக்குள் குன்றக்குடி வரை போய் வர முடிந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. வழியில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். முழங்கால் வீங்கினால் அன்றைக்கு வண்டியில் ஏறிவிடுங்கள், வீக்கம் வடிந்த பிறகு மறுபடி இறங்கி நடக்கலாம். அந்த தேவகோட்டை ஆச்சி இந்த வருடம் அப்படித்தான் பாதி வழி நடந்தார், பாதி வழி வண்டியில் வந்தார்.